பார்த்தேன் என்றொரு விகுதி

கோக்தோஷ் சுரங்கத்தில் மூன்று பேர் இறந்த பதினாறாம் நாள் விசாரணை தொடங்கியது. அந்த உஸ்பெக் மலையூரில் இருநூறு பேர் உட்காரக்கூடிய இடம் திருமண மண்டபம் ஒன்றுதான். மேலே கண்ணாடிச் சரவிளக்குகள் தொங்கின. மேடையில் மணமக்கள் அமரும் வெள்ளை சோபாவை யாரோ பச்சைத் துணியால் மூடி, முன்னால் ஒரு மேசையைப் போட்டு, விசாரணை ஆணையத்தின் தலைவி மஹ்லியோவை அதில் உட்கார வைத்திருந்தார்கள்.

முதல் சாட்சி தில்முரோத். வயது ஐம்பத்திரண்டு. உஸ்பெக் தொழிலாளர்களின் மேஸ்திரி. இறந்த மூவரில் ஓதில் அவருடைய தங்கை மகன்.

"அன்னைக்குக் காலைல கேஸ் சென்சார் சரியா இருக்கான்னு தெங்கிட்டக் கேட்டேன். 'நானே செக் பண்ணேன்'னு சொன்னார். அதை நம்பித்தான் மூணு பேரையும் உள்ள அனுப்பினேன். அரை மணி நேரத்துல வெடிச்சுது."

எதிர் வரிசையில் இருந்த சீனப் பொறியாளர் தெங் குவோலியாங் எழுந்தார். நாற்பது வயதுக்குள்தான் இருக்கும். இறந்தவர்களில் லுவோ என்ற துளைப்பொறி இயக்குநர் அவருடைய ஊர்க்காரர்.

"நான் அப்படிச் சொல்லவே இல்லை. நான் சென்சாரைப் பார்க்கவும் இல்லை, பார்த்தேன்னு சொல்லவும் இல்லை."

மஹ்லியோ ஒலிப்பதிவைப் போடச் சொன்னார். சுரங்கத்தில் வேலை செய்த அத்தனை பேரும் காதுப்பொறி அணிந்திருந்தார்கள். ஒருவர் சீனத்தில் பேசினால் அரை நொடி கழித்து மற்றவர் காதில் அது உஸ்பெக்காக விழும். பேசியவரின் குரலிலேயே விழும். ஆறு வருடமாக அந்தச் சுரங்கம் இந்தப் பொறியை வைத்துத்தான் தோண்டப்பட்டது.

பதிவில் தெங்கின் குரல் சுருக்கமாகக் கேட்டது: "ச்சியென்சா குவோ லெ."

அரை நொடி கழித்து, அதே குரல், உஸ்பெக்கில்: "தெக்ஷிர்திம்." நானே சரிபார்த்தேன்.

மண்டபம் கொதித்தது. இறந்துபோன ஷெர்ஸோதின் தாய் எழுந்து "பொய்யன்!" என்று கத்தினாள். அவள் எந்தப் பக்கம் பார்த்துக் கத்தினாள் என்பது யாருக்கும் தெளிவாகத் தெரியவில்லை. தில்முரோத் தெங்கையே பார்த்துக்கொண்டிருந்தார். தெங் ஒலிபெருக்கியைப் பார்த்துக்கொண்டிருந்தார், அதற்குள் தன்னைப் போலப் பேசும் ஒருவன் ஒளிந்திருப்பதுபோல.

மஹ்லியோ பக்கவாட்டு மேசைக்குத் திரும்பினார். அங்கே இருந்தவள் ஜுலைகா. காயல்பட்டினத்துப் பெண். குன்மிங்கில் ஐந்து வருடம் சீனம் படித்தவள், சமர்கந்தில் நான்கு வருடம் மொழியியல் சொல்லிக் கொடுத்தவள். உஸ்பெக்கும் அல்லாத, சீனரும் அல்லாத ஒரு நிபுணர் வேண்டும் என்று ஆணையம் தேடியபோது அவள் பெயர் எப்படியோ வந்து சேர்ந்திருந்தது. எப்படி என்று அவளும் கேட்கவில்லை.

"ஜுலைகா, இவங்க ரெண்டு பேர்ல யார் பொய் சொல்றாங்க?"

"எனக்கு மூணு நாள் வேணும்."

*

ஆணையத்துக்கு ஒதுக்கப்பட்டிருந்தது மணப்பெண் அலங்கார அறை. சுவரெல்லாம் கண்ணாடி. மஹ்லியோ கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"இப்பச் சொல்லுங்க."

"சீனத்துல வினைச்சொல்லுக்கு வால் கிடையாது ஓபா," என்றாள் ஜுலைகா. ஓபா என்றால் அக்கா. "'ச்சியென்சா'ன்னா சரிபார்க்கறது. 'குவோ லெ'ன்னா அந்த வேலை முடிஞ்சுது. அவ்வளவுதான். யார் பண்ணினது, சொல்றவர் கண்ணால பார்த்தாரா, காகிதத்துல படிச்சாரா, எதுவும் அதுக்குள்ள இல்லை. வேணும்னா தனியா நாலு சொல் சேர்த்துச் சொல்லிக்கலாம். சேர்க்காம விட்டா இலக்கணத் தப்பு இல்லை."

"நம்ம மொழியில அப்படி விட முடியாதே."

"முடியாது. வாயைத் திறந்தா வால் போட்டே ஆகணும். 'தெக்ஷிர்திம்'னா நானே செஞ்சேன், சந்தேகமே இல்லை. கடைசியில 'எகன்' போட்டா, செஞ்சிருக்காங்க, எனக்கே அப்புறம்தான் தெரிஞ்சுது. அந்தச் சின்ன எகன் கேட்டாலே உங்க ஆள் என்ன செய்வார்?"

மஹ்லியோ யோசித்தார். "யார் செஞ்சாங்க, போய்ப் பாருன்னு சொல்வார்."

"என் தாய்மொழி தமிழ். அதுல ரெண்டும் உண்டு. 'பார்த்தாச்சு'ன்னு சொன்னா சீனம் மாதிரி, யார் பார்த்தாங்கன்னு தெரியாது. 'பார்த்துட்டாங்களாம்'னா உங்க எகன். 'பார்த்தேன்'னா உங்க திம். தெங் சொன்னது 'பார்த்தாச்சு'. தில்முரோத் காதுல விழுந்தது 'பார்த்தேன்'. நடுவுல இருந்த பொறி ஒரு வாலை எடுத்து ஒட்டியிருக்கு."

மஹ்லியோ அவளை வெகு நேரம் பார்த்தார். சுற்றிலும் இருந்த கண்ணாடிகளிலும் அந்தப் பார்வை தெரிந்தது.

"ரெண்டு பேரையும் தப்ப வைக்கற கதை மாதிரி இருக்கே. மூணு சாவு, குற்றவாளி யாருமில்லை. உங்களை யார் அனுப்பினது?"

"நீங்கதானே கூப்பிட்டீங்க."

"பட்டியல் மேலிருந்து வந்தது. உங்க பேருக்கு நேரா டிக் போட்டது மட்டும்தான் நான்." எழுந்து கதவைத் திறந்தார். "பொறி தானா ஒட்டிச்சா, யாராவது ஒட்டச் சொன்னாங்களா? அதைக் கண்டுபிடிங்க. வெறும் இலக்கணத்தை வெச்சு நான் தீர்ப்பு எழுத முடியாது."

*

தில்முரோத் வீட்டுக்காவலில் இருந்தார். வாசலில் ஒரு போலீஸ்காரர் ஜுலைகாவின் பையைக் கிளறிப் பார்த்துவிட்டு உள்ளே விட்டார். முற்றத்துத் திராட்சைப் பந்தலின் கீழ் மேஸ்திரியின் தங்கை, ஓதிலின் தாய், கறுப்பு முக்காட்டுடன் உட்கார்ந்திருந்தாள். அவள் தலை நிமிரவில்லை.

"அஸ்ஸலாமு அலைக்கும், அகா," என்றாள் ஜுலைகா. அண்ணனை இங்கே அகா என்றார்கள். அவள் ஊரில் காக்கா.

"வ அலைக்கும். உட்காருங்க. சீனம் படிச்சவங்கன்னு சொன்னாங்க. அப்ப அவர் பக்கம்தான் பேசுவீங்க."

"உஸ்பெக்கும் படிச்சவதான்."

"படிச்சவங்க எல்லாப் பக்கமும் பேசுவாங்க."

ஆனால் அவரால் பேசாமலும் இருக்க முடியவில்லை. ஆறு வருடம் தானும் தெங்கும் தினம் ஒரு கெட்டில் தேநீரைப் பகிர்ந்து குடித்ததைச் சொன்னார். பொறி இல்லாமல் இருவருக்கும் பொதுவாக இருந்தது அந்த ஒரு சொல்தான். இவர் சோய் என்பார், அவர் ச்சா என்பார்.

"அப்புறம் ஏதோ ஆச்சு. ரெண்டு வருஷம் முன்னாடி அவங்க அப்பா இறந்தார். லீவு முடிஞ்சு வந்து என்கிட்டச் சொன்னார், அப்பா போயிட்டார்னு. நேர்ல பார்த்த மாதிரி சொன்னார். பக்கத்துல இருந்து கையைப் பிடிச்சு அனுப்பி வெச்சுட்டு வந்திருக்கார்னு நினைச்சேன். எங்க அப்பா போனப்ப நான் ரஷ்யாவுல கட்டட வேலையில இருந்தேன். மண்ணு தள்ளக்கூட வர முடியலை. அதனால நான் சொன்னேன், 'நீங்க குடுத்து வெச்சவர் தெங், கடைசி நேரத்துல கூட இருந்தீங்க'ன்னு. அவர் முகம் அப்படியே மாறிடுச்சு. அதுக்கப்புறம் சோய்க்கு வர்றதைக் குறைச்சுக்கிட்டார். ஏன்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது."

அவர் காதைத் தடவிக்கொண்டார். பொறி இருந்த இடத்தில் தோல் வெளுத்திருந்தது.

"அன்னைக்கு என் காதுல விழுந்தது அவர் குரல்தான், தங்கச்சி. பொறியோட குரல் இல்லை. அவர் குரல். அதை எப்படி நான் நம்பாம இருக்க முடியும்?"

*

தெங்கை முகாமின் விருந்தினர் அறையில் பார்த்தாள். அவருடைய பாஸ்போர்ட்டை ஆணையம் வாங்கி வைத்திருந்தது. நாற்காலியைக் காட்டிவிட்டு அவர் நின்றுகொண்டே இருந்தார்.

"நீங்க அவரைப் பார்த்துட்டு வர்றீங்க. முதல்ல அங்க போனீங்க, அப்புறம் இங்க."

"வீடு வழியில இருந்தது, தெங் கோங்." சீனர்கள் பொறியாளரைக் குடும்பப் பெயரோடு கோங் சேர்த்து அழைப்பார்கள். அந்த மரியாதையைக் கேட்டு அவர் சற்றே இளகினார்.

"அன்னைக்குக் காலைல என்ன நடந்தது?"

"ஷிஃப்ட் அறிக்கை என் மேசையில இருந்தது. கிழக்கு முகப்பு சென்சார் சரிபார்க்கப்பட்டதுன்னு எழுதியிருந்தது. படிச்சேன். அவர் கேட்டார். சொன்னேன்."

"மூணே மூணு வார்த்தையில."

"ஆமா."

"இன்னும் ரெண்டு வார்த்தை சேர்த்திருந்தா? 'அறிக்கையில போட்டிருக்கு'ன்னு?"

தெங் சன்னலுக்கு அருகில் போனார். "முன்னாடி எல்லாம் சொல்லியிருப்பேன். அவரோட நிறையப் பேசுவேன். அப்புறம் அளவாப் பேச ஆரம்பிச்சேன். எங்க அப்பா இறந்தப்ப நான் விமானத்துல இருந்தேன். இறங்கினதும் தங்கச்சி போன்ல சொன்னா. வீட்டுக்குப் போறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சு போச்சு. திரும்பி வந்து அதை இவர்கிட்டச் சொன்னேன். இவர் என்ன சொன்னார் தெரியுமா? நீ கொடுத்து வெச்சவன், கடைசி நேரத்துல கூட இருந்தியேன்னு. என்னை இப்படிக் குத்திக் காட்ட இவருக்கு நான் என்ன செஞ்சேன்?"

சீனத்தில் தெங் சொல்லியிருக்கக்கூடிய வாக்கியம் ஜுலைகாவுக்குத் தெரியும். அப்பா போயிட்டார். அதில் வால் இல்லை. பொறி அதற்கும் பார்த்தவனின் வாலை ஒட்டியிருக்கிறது. அதைக் கேட்ட மேஸ்திரி தன் பழைய வலியைச் சொல்லி ஆறுதல் கூறியிருக்கிறார். அந்த ஆறுதல் இவர் காதில் குத்தலாக விழுந்திருக்கிறது. நட்பு சுருங்கியதால் வாக்கியம் சுருங்கியது. சுருங்கிய வாக்கியத்துக்குப் பொறி மறுபடி ஒரு வாலை ஒட்டியது.

அவள் அதை விளக்கியபோது தெங் நம்பவில்லை. "பொறியைக் குறை சொல்லச் சொல்லி உங்களை யார் அனுப்பினாங்க?" என்று கேட்டார்.

இரண்டு நாளில் இரண்டு பேர் ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டார்கள்.

*

ஆறு வருடப் பதிவுகள் ஆணையத்துக்கு வந்து சேர்ந்தன. பார்த்ததா கேட்டதா என்று சீன மூலத்தில் சொல்லப்படாத வாக்கியங்களை மட்டும் ஜுலைகா தனியே பிரித்தாள். முதல் பதினான்கு மாதம் பொறி தடுமாறியிருந்தது. நூற்றுக்கு முப்பது வாக்கியத்தில் எகன் போட்டிருந்தது. மேஸ்திரி அப்போதெல்லாம் திருப்பிக் கேட்டிருந்தார். யார் பார்த்தாங்க? எப்பப் பார்த்தாங்க? ஒரு திங்கட்கிழமை பொறிக்குப் புதிய பதிப்பு வந்தது. அன்று முதல் எகன் நூற்றில் ஒன்றுகூட இல்லை. மேஸ்திரியின் கேள்விகளும் நின்றுபோயின.

அப்படியானால் யாரோ செய்யச் சொல்லியிருக்கிறார்கள். வேலை வேகமாக நடக்கட்டும் என்று சுரங்க நிறுவனம் கேட்டிருக்கலாம். பொறியைச் செய்தது சென்னை தரமணியில் இருந்த ஒரு நிறுவனம். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஜுலைகா அங்கே இரண்டு வருடம் இருந்தவள். தமிழ்ப் பிரிவில் மட்டும் வேலை பார்த்ததால் அதற்கும் இந்த வழக்குக்கும் தொடர்பில்லை என்று ஆணையத்தின் படிவத்தில் அதைக் குறிப்பிட்டிருக்கவில்லை. அவளுடைய பழைய மேலாளர் தணிகாசலம் இன்னும் அங்கேதான் இருந்தார். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அவரை அழைத்தாள்.

"தணிகா சார், கோக்தோஷ் பொறிக்குப் பதினாலு மாசம் கழிச்சு வந்த புதுப் பதிப்புல என்ன மாத்துனீங்க? சுரங்கக்காரங்க கேட்டாங்களா?"

"சேச்சே. அவங்க எதுவும் கேட்கலைம்மா. உஸ்பெக்குக்கு நம்மகிட்டச் சரக்கு கம்மி. பழைய பதிப்பு ரொம்பத் திக்குச்சு. உஸ்பெக்கும் தமிழ் மாதிரி ஒட்டு மேல ஒட்டுப் போடற மொழி, வினை கடைசியில வரும். அதனால தமிழ்ப் பிரிவோட விதிகளை அப்படியே அங்க கொண்டு போயிட்டோம். வேலை சுலபமாச்சு."

"தமிழ்ல எந்த விதி?"

அவர் தயங்கினார். "நூத்திப் பதினேழு."

"எனக்கு அனுப்புங்க."

"எதுக்கும்மா?"

"அனுப்புங்க சார்."

பத்து நிமிடத்தில் ஒரு பக்கம் வந்தது. மருத்துவமனைத் தகவல் குரலுக்காகப் பதினோரு வருடம் முன் எழுதப்பட்ட விதி. 'டாக்டர் வந்துட்டாராம்' என்று குரல் சொன்னால் நோயாளிகள் எரிச்சலடைகிறார்கள், வந்தாரா இல்லையா என்று திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். 'ஆம்' விகுதி சந்தேகத்தைக் கிளப்புகிறது. ஐயமுள்ள இடங்களில் நேரடி வினைமுற்றையே பயன்படுத்துக. கீழே தேதி. எழுதியவர்: சி. ஜுலைகா.

அவள் அதை மூன்று முறை படித்தாள். எதுவும் நினைவுக்கு வரவில்லை. அந்த வருடம் இப்படி இருநூறுக்கும் மேல் விதிகள் எழுதியிருப்பாள். சில நாள் ஒரே மதியத்தில் பத்து. அந்த அறையின் ஏசி இரைச்சல் நினைவில் இருந்தது. இந்த வரிகள் இல்லை. ஆனால் ஐயமுள்ள இடங்களில் என்ற சொற்றொடர் அவள் நடைதான்.

மறுபடி அழைத்தாள். "சார், ஆணையத்துக்கு என் பேரை யார் கொடுத்தது?"

தணிகாசலம் அங்கே குளிரா என்று கேட்டார்.

"நீங்கதான், இல்லையா?"

"ஒரு நல்ல பேர் கேட்டாங்க. கொடுத்தோம்," என்றார் அவர். "உனக்கு ரெண்டு மொழியும் தெரியும். விஷயம் தெரிஞ்ச ஆள். எந்த இடத்துல நிறுத்தணும்னும் உனக்குத் தெரியும்னு நினைச்சோம். விதிப் பட்டியலை நாங்க அவங்களுக்குக் கொடுக்கப் போறதில்லை. மொழிக்கு மொழி இயல்பான வேறுபாடுன்னு எழுதிட்டு வந்துடு. அதுல பொய் எதுவும் இல்லையே."

"மூணு பேர் செத்திருக்காங்க சார்."

"நீ எழுதினது ஆஸ்பத்திரிக்கு. சுரங்கத்துக்கு இல்லை. ரொம்ப உறுத்தினா, எழுதியிருக்கேனாம், எனக்கு ஞாபகம் இல்லைன்னு சொல்லு. அதான் அந்த மொழியில வசதி இருக்கே."

அவள் அழைப்பைத் துண்டித்தாள். முதல் முறையாக அவளுக்குத் தன் மேலேயே சந்தேகம் வந்தது. இந்த மூன்று நாளாகத் தான் உண்மையைத் தேடினாளா, அல்லது தன்னைத் தேர்ந்தெடுத்தவர்கள் எதிர்பார்த்த இடத்துக்கே நேராக நடந்து வந்திருக்கிறாளா?

*

நான்காம் நாள் காலை பத்து மணிக்கு மண்டபம் நிறைந்திருந்தது. மஹ்லியோ தலையசைத்ததும் ஜுலைகா மேடைக்குப் போனாள். பதிவுகள் காட்டியதைச் சொன்னாள். அப்பாவின் மரணத்தைப் பற்றிய வாக்கியத்தையும் போட்டுக் காட்டினாள். மூலம் ஒருமுறை, பொறியின் உஸ்பெக் ஒருமுறை. தில்முரோத் கைகளை முழங்கால்மேல் வைத்தபடி அசையாமல் கேட்டார். பிறகு மெல்லத் திரும்பி தெங்கைப் பார்த்தார். தெங்குக்காக அவளே அதைச் சீனத்திலும் விளக்கினாள். இம்முறை அவர் யார் அனுப்பியது என்று கேட்கவில்லை.

"இந்த மாற்றத்துக்குக் காரணம் ஒரு விதி," என்றாள். அந்தப் பக்கத்தை மஹ்லியோவின் மேசையில் வைத்தாள். "விதியைக் கொண்டு போய் இங்க போட்டது நிறுவனம். எழுதினது..."

எந்த வாலைப் போடுவது என்று இரவெல்லாம் யோசித்துவிட்டுத்தான் வந்திருந்தாள். எழுதியிருக்கிறேனாம் என்றால் அது தணிகாசலம் சொல்லிக் கொடுத்த வசதி. தப்பிக்கிறவர்களின் வால்.

"யோஸ்திம்," என்றாள். எழுதினேன். "நான் எழுதினேன்."

மஹ்லியோ கண்ணாடியைக் கழற்றினார். ஷெர்ஸோதின் தாய் வாயில் கையை வைத்துக்கொண்டாள்.

தில்முரோத் எழுந்தார். காவலர் அவர் தோளைத் தொட்டார், அவர் பொருட்படுத்தவில்லை.

"எழுதினது உங்களுக்கு ஞாபகம் இருக்கா?"

"இல்லை அகா."

"எப்ப, எந்த அறையில, எதை நினைச்சு எழுதினீங்க?"

"தெரியாது. பேர் என்னுது. நடை என்னுது. ஆனா ஞாபகம் இல்லை."

"அப்ப ஏன் யோஸ்திம்னு சொன்னீங்க?"

"பழியைத் தட்டிக் கழிக்கற மாதிரி இருக்கக் கூடாதுன்னு."

"பழியை ஏத்துக்க வேற வார்த்தை இருக்கு, தங்கச்சி." அவர் குரல் உயரவில்லை. "பார்க்காததைப் பார்த்த மாதிரி சொன்ன ஒரே ஒரு வார்த்தையிலதான் என் மூணு பேரும் உள்ள போனாங்க. அதையே என் முன்னாடி நின்னு நீங்களும் சொல்லாதீங்க. நல்ல எண்ணத்துல சொன்னாலும் வேண்டாம். மாத்திச் சொல்லுங்க."

அவள் நின்றாள். கண் கலங்கியதால் சரவிளக்குகள் ஒன்றோடொன்று சேர்ந்து தெரிந்தன.

"யோஸ்கன் எகன்மன்," என்றாள். எழுதியிருக்கிறேன், எனக்கே இப்போதுதான் தெரிந்தது. "பொறுப்பு என்னுது."

"இப்பச் சரி," என்றார் தில்முரோத்.

எழுத்தர் முதல் சொல்லை அடித்துவிட்டு இரண்டாவதை எழுதினார்.

அப்போது தெங் எழுந்தார். யாரும் அவரைக் கேட்கவில்லை. சீனத்தில், நிறுத்தி நிறுத்தி, முதல் முறையாக எல்லாச் சொற்களையும் போட்டுப் பேசினார். அறிக்கையைத்தான் நான் படித்தேன். சென்சாரை என் கண்ணால் நான் பார்க்கவில்லை. இருநூறு அடி நடந்து போய் நான் பார்த்திருக்க வேண்டும். ஜுலைகா அதை உஸ்பெக்கில் சொன்னாள். எந்த வாலைப் போடுவது என்று அவள் யோசிக்க வேண்டியிருக்கவில்லை.

தில்முரோத் உட்காரவில்லை. மேசையைப் பிடித்தபடி மஹ்லியோவிடம் சொன்னார்:

"என் பேர்லயும் ஒண்ணு எழுதுங்க. முன்னாடி எல்லாம் 'யார் பார்த்தாங்க'ன்னு திருப்பிக் கேட்பேன். அப்புறம் கேட்கறதை விட்டுட்டேன். கேட்காம இருக்கறது சுகமா இருந்தது. அன்னைக்கும் நான் கேட்கலை."

ஓதிலின் தாய் அண்ணனைப் பார்த்தாள். அவர் உட்கார்ந்ததும் தன் நாற்காலியை அவருக்கு அருகில் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

*

விசாரணை மேலும் ஒன்பது நாள் நடந்தது. ஷிஃப்ட் அறிக்கையில் பொய் எழுதிய மேற்பார்வையாளன் பிடிபட்டான். தில்முரோத்துக்கு இரண்டு வருடம், சிறைக்குப் போகாத தண்டனை. தெங்கின் உரிமத்தை ஐந்து வருடம் நிறுத்தி ஊருக்கு அனுப்பினார்கள். கிளம்பும் நாளில் அவர் மேஸ்திரியின் வீட்டுக்குப் போனாராம். அங்கே என்ன பேசிக்கொண்டார்கள் என்று ஜுலைகாவுக்குத் தெரியாது. பொறியும் இல்லை, மொழிபெயர்க்க அவளையும் கூப்பிடவில்லை. முந்தைய வேலையை மறைத்ததற்காக அவள் பெயரை ஆணையம் நிபுணர் பட்டியலிலிருந்து நீக்கியது. அது நியாயம்தான் என்று அவளுக்குப் பட்டது.

இரண்டு மாதம் கழித்து, ஜுலைகா தாஷ்கந்தில் இருந்த ஒரு முற்பகலில், தில்முரோத் போன் செய்தார்.

"பேப்பர் பார்த்தீங்களா, தங்கச்சி? பொறி செஞ்ச கம்பெனி அறிக்கை விட்டிருக்கு. அவங்களே உஸ்பெக்குல எழுதினதாம்."

"பார்க்கலை அகா. என்ன போட்டிருக்கு?"

அவர் காகிதத்தைச் சரிசெய்யும் ஓசை கேட்டது. பிறகு எழுத்துக்கூட்டிப் படிப்பவர்போல ஒவ்வொரு சொல்லாகப் படித்தார். எங்கள் பொறியில் ஒரு குறை இருந்திருக்கிறது எகன். அதனால் சிலருக்குப் பாதிப்பு நேர்ந்திருக்கிறது எகன். நாங்கள் வருந்துகிறோம்.

மறுமுனையில் காகிதம் மடிக்கும் ஓசை கேட்டது.

"ரெண்டு இடத்துல போட்டிருக்காங்க," என்றார் கடைசியில். "அப்ப அந்த எகன் அவங்ககிட்ட இருந்திருக்கு."